காற்றை வென்ற குண்டு



மேட்டிலிருந்து சைக்கிளில் விரைந்து இறங்கும்போது காற்று முகத்தில் அறைவதை நாம் எல்லாரும் உணர்ந்திருக்கிறோம். வேகம் கூடக்கூட அந்த எதிர்ப்பும் கூடுகிறது. சைக்கிளுக்கே இப்படியென்றால், துப்பாக்கியிலிருந்து பாயும் குண்டுக்கு எப்படி இருக்கும்? தொலைவில் நிற்கும் விலங்கைக் குறிபார்க்கும் வேட்டைக்காரனின் குண்டுக்கு முதல் பகை காற்றுதான். அந்தப் பகையை மனிதன் வென்ற வரலாற்றையே இன்று பார்க்கப் போகிறோம்.

பழைய காலத்துக் குண்டு வெறும் ஈய உருண்டை. செய்வது எளிது. ஆனால் சிறிது தூரம் சென்றதும் வேகம் தளர்ந்துவிடும். இதன் காரணத்தை அளந்து காட்டியவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர். கனமான மரக்கட்டை ஒன்றை ஊஞ்சல்போல் தொங்கவிட்டு, அதில் குண்டைச் சுட்டு, கட்டை எவ்வளவு தூரம் ஆடுகிறது என்று பார்த்தார். அதைக் கொண்டு குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். வேகமாகச் செல்லும் குண்டைக் காற்று எதிர்க்கும் விசை, அந்தக் குண்டின் எடையைப்போலப் பல மடங்கு என்று தெரிந்தது. 1742ஆம் ஆண்டு இதை நூலாக வெளியிட்டார். பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீரமைக்கத் தமிழகம் வந்த அவர், 1751இல் கடலூர் அருகே செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலால் உயிர் நீத்தார்.

உருண்டையைவிட நீண்ட குண்டு காற்றை எளிதில் கிழிக்கும். ஆனால் நீண்ட குண்டு பம்பரம்போல் சுழன்றால்தான் தலைகுப்புறப் புரளாமல் செல்லும். அதற்காகக் குழலின் உட்புறத்தில் திருகு வரிகளை வெட்டினார்கள். குண்டு அந்த வரிகளை இறுக்கமாகப் பற்ற வேண்டும். அதே சமயம் குழலின் வாய்வழியே எளிதாக உள்ளேயும் போக வேண்டும். இந்தச் சிக்கலை 1849இல் பிரெஞ்சு அதிகாரி மினியே தீர்த்தார். அடிப்பக்கம் குடைந்த குண்டைச் செய்தார். மருந்து வெடித்ததும் அதன் அடி விரிந்து வரிகளைப் பற்றிக்கொண்டது.

1884இல் பிரான்சில் வியேய் என்பவர் புகை மிகக் குறைந்த புதிய வெடிமருந்தைக் கண்டுபிடித்தார். குண்டின் வேகம் மிகவும் உயர்ந்தது. அந்த வேகத்தை மெல்லிய ஈயம் தாங்கவில்லை. ஆகவே ஈயத்தின்மேல் செம்பு போன்ற கடினமான உலோகத்தால் உறை போட்டார்கள். 1898இல் பிரெஞ்சு இராணுவம் முனை ஊசிபோல் கூர்ந்து, பின்புறம் படகுபோல் ஒடுங்கிய குண்டை ஏற்றது. ஜெர்மனியும் அமெரிக்காவும் சில ஆண்டுகளில் கூர்முனைக் குண்டுக்கு மாறின.

இதனால் என்ன பயன்? கையிலிருந்து நழுவும் கல் அரை விநாடியில் ஒரு மீட்டருக்கு மேல் கீழே விழும். நேராகச் சுட்ட குண்டும் பறக்கும்போதே அப்படித்தான் இறங்குகிறது. விரைவாகப் போய்ச் சேரும் குண்டு குறைவாக இறங்கும். பக்கக் காற்றும் அதைக் குறைவாகவே தள்ளும்.

ஆனால் நேயர்களே, வேட்டையில் தூரம் சென்றால் மட்டும் போதாது. முழு உறையிட்ட குண்டு விலங்கை ஊடுருவி மறுபுறம் வெளியேறிவிடும். காயம்பட்ட மான் காட்டுக்குள் ஓடி, நாள்கணக்கில் வேதனைப்பட்டுச் சாகும். ஆகவே முனையில் ஈயத்தைத் திறந்துவிட்டு, உடலில் பட்டதும் விரியும் குண்டுகளைச் செய்தார்கள். கல்கத்தா அருகே டம்டம் ஆயுதச் சாலையில் 1890களில் போருக்காகச் செய்த இத்தகைய குண்டு உலகெங்கும் பெயர் பெற்றது. மனிதர்மேல் சுடுவதற்கு அது கொடூரமானது என்று 1899இல் ஹேக் மாநாட்டின் பிரகடனம் போரில் அதைத் தடை செய்தது. வேட்டையிலோ நிலைமை தலைகீழ்! துப்பாக்கியால் மானைச் சுடுவதானால் விரியும் குண்டையே பயன்படுத்த வேண்டும் என்று இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. விலங்கு விரைவில் உயிர்விட வேண்டும் என்பதே நோக்கம்.

விரியும் குண்டிலும் குறை இருந்தது. அருகில் சுட்டால் மிகுந்த வேகத்தில் உடைந்து சிதறும். தொலைவில் சுட்டால் வேகம் குறைந்து விரியாமலே போகும். 1946இல் கனடாவில் ஜான் நாஸ்லர் என்ற வேட்டைக்காரர் பெரிய மூஸ் மானைச் சுட்டபோது குண்டு ஆழமாகப் பாயவில்லை. அவர் குண்டின் நடுவே உலோகச் சுவர் வைத்தார். முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் உள்ளே செல்லும். 1980களில் பிளாஸ்டிக் முனை வைத்த குண்டுகள் பரவலாயின. அந்த முனை பறக்கும்போது காற்றைக் கிழிக்கும். பட்டதும் பின்னோக்கி அழுந்திக் குண்டை விரியச் செய்யும்.

இன்னொரு துயரமும் பிறகுதான் தெரிந்தது. விரியும் ஈயம் சிறு துகள்களாக இறைச்சியில் பரவுகிறது. வேட்டைக்காரர் விட்டுச்சென்ற குடலைத் தின்ற கலிபோர்னியாவின் கொண்டோர் கழுகுகள் ஈய நஞ்சால் மடிந்தன. பல காரணங்களால் குறைந்துவந்த அந்த இனத்தில், 1982இல் எஞ்சியவை 22 மட்டுமே. கலிபோர்னியா மாநிலம் 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயக் குண்டுகளை முற்றாகத் தடை செய்தது. அவற்றின் இடத்தைச் செம்புக் குண்டுகள் பிடித்து வருகின்றன.

இவ்வளவு முன்னேறியும் ஒன்றை எந்தக் குண்டாலும் மாற்ற முடியாது. 500 மீட்டர் தூரத்தைக் கடக்க வேட்டைத் துப்பாக்கியின் குண்டுக்கு அரை விநாடிக்கு மேல் ஆகிறது. அதற்குள் மான் ஓர் அடி எடுத்து வைத்தால் போதும். நெஞ்சில் பட வேண்டிய குண்டு வயிற்றில் படும். குண்டு எட்டும் தூரம் வேறு. ஓர் உயிரை வதைக்காமல் முடிக்கும் தூரம் வேறு. அந்த வேறுபாட்டை அறிந்து, விரலை விசையிலிருந்து எடுக்கத் தெரிந்தவனே நல்ல வேட்டைக்காரன்.