கும்மி வட்டத்தின் எல்லை

திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குச் செல்லும் சாலையில், வழிப்போக்கருக்குப் புகலளித்த தர்மத்தின் ஞாபகத்தைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் ரெட்டியார்சத்திரத்திலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும், அம்மனுக்குச் சாமி சாட்டிவிட்டால் ஸ்திரீகளின் பொறுப்பில் இரண்டு காரியங்கள் வந்து சேரும். வீடுவீடாகச் சென்று தானியம் திரட்டுவது ஒன்று; இரவுதோறும் கூடிக் கும்மி அடிப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் வெவ்வேறாகக் கருதுவது பிழை. எந்த வீட்டில் மொச்சையும் தட்டாம்பயறும் மனமுவந்து அள்ளிப் போடுகிறார்கள், எந்த வீட்டில் பானை காலியாக இருக்கிறது என்பதை முறத்தோடு போனவளே அறிவாள். அவள் அறிந்தது அன்றிரவு கும்மி கலைவதற்குள் தெருவிலுள்ள பெண்கள் யாவர்க்கும் தெரிந்துவிடும். கைமாற்றும், சீட்டும், பிரசவ வீட்டுக்குப் போகும் அரிசியும் அந்த வட்டத்திலேயே பேசி முடிவாகும்.

அவ்வாறு திரட்டிய தானியத்தைக் கொண்டு முளைப்பாரி வளர்ப்பதே ஒரு தனி விரதம். உடைத்துப் பொடித்த சாணத்தையும் வண்டல் மண்ணையும் ஓட்டில் பரப்பி, ஊறவைத்த தானியத்தைத் தூவி, வெளிச்சம் புகாத வீட்டில் வைத்து நீர் தெளித்து வர, சில நாட்களில் பயிர் மஞ்சள் பூத்து முழ உயரம் எழும்பி நிற்கும். முளைப்பாரிக்கு எதிரே பெண்கள் வளைந்து நின்று, ஒருத்தி பாட்டெடுக்க, மற்றவர்கள் அடியைத் திருப்பிச் சொல்லி, குனிந்து ஒரு கொட்டும் நிமிர்ந்து ஒரு கொட்டுமாகச் சுற்றிவருவார்கள். குலவைச் சத்தம் அடங்கும்போது நள்ளிரவு கடந்திருக்கும்.

ஆயினும் அவ்வட்டத்துக்கு ஓர் எல்லை இருந்ததை மறைத்து எழுதுவது சரித்திரமாகாது. திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி பிரிக்கையில் கைம்பெண்ணின் வீட்டுக்கு அரை வரி என்பது பல ஊர்களின் வழக்கம். அதைக் கருணை என்று சொல்வாருண்டு; எனினும் பாதி வரி வாங்கிய ஊர் முளைப்பாரி சுமக்கும் வரிசையில் அவளுக்குப் பாதி இடமும் தந்ததில்லை. சேரிப் பெண்களின் கும்மியோ அவர்கள் தெருவோடு நின்றது. இந்த எல்லை எவ்வாறு விரிந்தது என்பதே இவ்வட்டாரத்துப் பெண்களின் வரலாற்றில் நான் பெரிதாக மதிக்கும் பகுதி.

அவ்விரிவின் தொடக்கம் தொலைவில் நிகழ்ந்த ஒரு மரணத்தோடு பிணைந்தது: 1944 பிப்ரவரி 22-ஆம் தேதி, புனாவில் ஆகாகான் மாளிகைச் சிறையில் காந்தியடிகளின் மனைவி கஸ்தூரிபா காலமானார். அவர் பெயரால் 75 லட்சம் ரூபாய் திரட்டத் தலைவர்கள் தீர்மானித்தார்கள். சேர்ந்ததோ ஒரு கோடிக்கும் மேல். அந்நிதி கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமே பயன்படவேண்டும் என்பது காந்தியடிகளின் கட்டளை. மதுரையில் பிறந்த எம்.எஸ்.சுப்புலட்சுமி அவ்வாண்டில் ராஜாஜியின் தூண்டுதலால் ஐந்து கச்சேரிகள் செய்து, வசூலை அதற்கு அளித்தார். கோயிலோடும் கலையோடும் பிணைந்திருந்த அவர் குலத்துப் பெண்களின் பாட்டையும் ஆட்டத்தையும் ரசித்துக்கொண்டே அவர்களை இகழ்ந்துவந்த சமூகம், அப்பாட்டைக் கொண்டே ஏழைப் பெண்களின் நலத்துக்குப் பணம் சேர்ப்பதைக் கண்டது. 1974-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்ததும் பொதுச் சேவைக்காகவே.

கஸ்தூரிபா நிதியின் பணியைத் தமிழ்நாட்டில் ஏற்று நடத்தியவர் டாக்டர் சௌந்தரம். டி.வி.சுந்தரம் ஐயங்காரின் மகளான அவர் இளமையிலேயே கணவனை இழந்து, டெல்லியில் மருத்துவம் பயின்று, ஜாதிக் கட்டையும் கைம்மைக் கட்டையும் ஒருங்கே மீறி 1940-இல் ஜி.ராமச்சந்திரனை மணந்தவர். 1947 அக்டோபரில், திண்டுக்கல்லுக்குத் தெற்கே சின்னாளபட்டிக்கு அருகில் இருவரும் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். சிறிய மருத்துவ நிலையமாக எழுந்தது பின்னர் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. கிராமத்துப் பெண்கள் அங்கே சேவிகைப் பயிற்சி பெற்றார்கள். முளைப்பாரி வரிசையில் இடம் பெறாத கைம்பெண்ணின் இனத்தைச் சேர்ந்த ஒருவர், பிறர் குழந்தைகள் நலமாய்ப் பிறக்கும் இடத்தை இவ்வட்டாரத்தில் அமைத்தார் என்பதை எண்ணும்போதெல்லாம் நெஞ்சு நிறைகிறது.

சேரித் தெருவின் எல்லை விரிவதற்கு மேலும் நாற்பதாண்டுகளுக்கு மேல் சென்றன. 1990-இல் சகோதரி சந்திரா என்னும் கன்னியாஸ்திரீ திண்டுக்கல்லில் நிறுவிய சக்தி நாட்டுப்புறக் கலை மையத்தில், பள்ளியை விட்டு நின்ற தலித் பெண்கள் தையலும் படிப்பும் கற்பதோடு கும்மி, கோலாட்டம், ஒயிலாட்டம் ஆகியவற்றையும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பறையையும் கற்றார்கள். பறை ஆடவர் மட்டுமே அடித்துவந்த வாத்தியம்; அதுவும் சாவு வீட்டில், மறுக்க முடியாத ஊழியமாக, ஊர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு அடித்தது. இப்பெண்களோ தீ மூட்டித் தோலைக் காய்ச்சி, விரலால் தட்டி ஒலி பார்த்து, பறையின் சட்டத்தை இடத்தோளில் சார்த்தி, ஒரு கையில் நீண்ட சிம்புக்குச்சியும் மறு கையில் தடித்த அடிக்குச்சியும் பற்றி, அடித்துக்கொண்டே ஆடினார்கள். அமெரிக்க இசையியலாளர் சோயி ஷெரினியன் இவர்களைப் பற்றித் திரைப்படமே எடுத்திருக்கிறார்.

புகழைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவர்கள் பெறும் சன்மானம். சாவுக்கு அடிப்பதில்லை என்று சொல்லவும், மேடைக்கு இவ்வளவு தொகை என்று முன்கூட்டிப் பேசவும், அதை எண்ணி வாங்கவும் அந்தப் பெண்களால் முடிகிறது. அவர்களுடைய பாட்டிமார்களின் தெருவில் அடிப்பவனுக்குக்கூட அந்த உரிமை இருந்ததில்லை.