நாலு கதவா, ரெண்டு சீட்டா? – நமக்கு வாய்க்காத ஒரு காரின் கதை

கூபேன்னா என்னன்னு கேக்கறவங்களுக்கு முதல்ல ஒரு விளக்கம். ரயில்ல முதல் வகுப்புல ரெண்டு பேருக்கு மட்டும் தனியா ஒரு அறை இருக்குமே, அதுக்குப் பேரு கூபே. காருலயும் அர்த்தம் கிட்டத்தட்ட அதேதான். ரெண்டு கதவு, முன்னால ரெண்டு சீட்டு, பின்பக்கம் சரிஞ்சு இறங்குற கூரை. பின் சீட்டுன்னு ஒண்ணு இருந்தாலும் பை வைக்கத்தான் ஆகும்.

நான் சொல்லப்போறது ஃபெராரி மாதிரி கோடீஸ்வரர் சமாச்சாரம் இல்ல. கார் ஓட்டுறதுல ஒரு சுகம் இருக்குன்னு நினைக்கிற மாசச் சம்பளக்காரன் வாங்குற மாதிரி, எடை குறைஞ்ச, விலை குறைஞ்ச ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்து, இத்தாலி, ஜப்பான்ல இப்படிப்பட்ட கார்கள் வந்து ஓடி, பேரும் வாங்கியாச்சு. நம்ம நாட்டுல மட்டும் ஏன் வேர் பிடிக்கல? நமக்குத் திறமை இல்லாம இல்ல மக்களே. ஒவ்வொரு தடவையும் பக்கத்துல வந்துட்டுத் திரும்பிப் போயிருக்கோம். அந்தக் கதைதான் இது.

இந்த ரகக் காருக்கு உலகம் பூரா ஒரே சமையல் குறிப்புதான். சாதாரண ஜனங்க வாங்குற மலிவான காரோட இன்ஜின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷனை எடுத்துக்கணும். அதுக்கு மேல தாழ்வான, லேசான ஒரு உடம்பைப் பூட்டணும். எடை குறைஞ்சா சின்ன பிரேக் போதும், மெல்லிய டயர் போதும், சின்ன இன்ஜின் போதும். அதனால எடை இன்னும் குறையும், விலையும் குறையும். வட்டிக்கு வட்டி மாதிரி, ஆனா நமக்கு லாபமா!

நம்ம பக்கத்துல முதல் முயற்சின்னா கோயமுத்தூர் ஜி.டி. நாயுடுவைத்தான் சொல்லணும். 1952-ல ரெண்டு பேர் உட்கார்ற பெட்ரோல் கார் ஒண்ணைக் கொண்டுவந்தார். விலை 2,000 ரூபாய். அது ஸ்போர்ட்ஸ் கார் இல்லதான். ஆனா 'சின்னதா, லேசா, ரெண்டு பேருக்கு' என்கிற அடிப்படை அதுல இருந்தது. அரசாங்கம் லைசென்ஸ் கொடுக்கல. கதை முடிஞ்சது.

அடுத்தது மெட்ராஸ். 1961-ல ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி ஹெரால்டு காரை இங்க தயாரிக்க ஆரம்பிச்சது. பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும். பானெட்டைத் திறந்தா முன்பக்கம் மொத்தமும் மட்கார்டோட சேர்ந்து முன்னால சாயும். இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுதான் இதுக்கு மூலம். அதை வரைஞ்சவர் இத்தாலிக்காரர் மிக்கெலொட்டி. இதுல விசேஷம் என்னன்னா, ஹெரால்டுக்குத் தனி சேசிஸ் உண்டு. மேல எந்த உடம்பை வேணும்னாலும் மாட்டலாம். இங்கிலாந்துல அதே சேசிஸைச் சுருக்கி, அதே மிக்கெலொட்டி கையால, 1962-ல ஸ்பிட்ஃபயர்னு ஒரு ஸ்போர்ட்ஸ் காரை விட்டாங்க. சுமார் 700 கிலோ எடை, 63 குதிரைசக்தி. 1980 வரைக்கும் வித்தது.

நம்ம கையிலயும் அந்த சேசிஸ் இருந்தது. நாம என்ன செஞ்சோம்? 1968-ல ஹெரால்டுக்கு இன்னும் ரெண்டு கதவு வச்சோம்! இங்கிலாந்துல நாலு கதவு ஹெரால்டே கிடையாது. அங்க சேசிஸைச் சுருக்கினாங்க, இங்க கதவைக் கூட்டினோம்.

குத்தம் சொல்ல முடியாது. எங்க நாகர்கோவில் பக்கம் யாராவது புதுக் கார் வாங்கினா முதல் கேள்வியே, "எத்தன பேரு இருக்கலாம்டே?" என்பதுதான். சம்பந்தி வீடு, சுசீந்திரம் தேர், கல்யாணம், துட்டி எல்லாத்துக்கும் அந்த ஒரே வண்டிதான் போகணும். ஊருக்கே சில கார்கள் மட்டும் இருந்த காலத்துல ரெண்டு சீட்டுக் காரை யார் வாங்குவா?

1982-ல பெங்களூர் சிபானி கம்பெனி டால்ஃபின் காரை விட்டது. ஃபைபர் கிளாஸ் உடம்பு, 848 சிசி இன்ஜின், பின்சக்கர இழுவை, ரெண்டு கதவு. பார்க்க அழகு இல்ல. ஆனா லேசான வண்டிங்கறதால ராலி ஓட்டுறவங்களுக்குச் செல்லப்பிள்ளை ஆச்சு. 1983 டிசம்பர்ல மாருதி 800 வந்ததும் ஜனங்க அந்தப் பக்கம் போயிட்டாங்க. டால்ஃபினே பிறகு மொன்டானாங்கற பேர்ல நாலு கதவோட வந்து பார்த்தது. மறுபடியும் அதே கதவுக் கதை.

இந்தக் கணக்கைச் சரியாப் போட்டவர் கோயமுத்தூர் கரிவரதன். ரோடுல லைசென்ஸும் கதவும் கேட்பாங்க. பந்தய மைதானத்துல ரெண்டும் கேட்க மாட்டாங்க. 80-களின் கடைசியில அவர் உருவாக்கினதுதான் ஃபார்முலா மாருதி. எந்த ஊர் ஒர்க்‌ஷாப்பிலயும் கிடைக்கிற மாருதியோட 796 சிசி, மூணு சிலிண்டர் இன்ஜினை எடுத்து ஒத்தை ஆள் பந்தயக் கார் செஞ்சார். பழைய சமையல் குறிப்பேதான். பந்தயம்னா வெளிநாட்டு வண்டி இறக்குமதி பண்ற பணக்காரன் வேலைன்னு இருந்தது மாறிச்சு. 1995-ல ஒரு விமான விபத்துல அவர் இறந்தார். ஆனா நரேன் கார்த்திகேயன் பந்தயம் பழகத் தொடங்கினது அந்த ஃபார்முலா மாருதியில. 2005-ல அவர் ஃபார்முலா ஒன் போனார். கருண் சந்தோக் 2000-ல அதே ஃபார்முலா மாருதியில சாம்பியன், 2010-ல ஃபார்முலா ஒன். ஒரு 800 காரோட இன்ஜின் எங்க கொண்டுபோய் விட்டிருக்கு பாருங்க! 2003-ல திறந்த செட்டிபாளையம் பந்தயத் தடத்துக்கு அவர் பேரைத்தான் வச்சிருக்காங்க.

ரோட்டுக்குன்னு நிஜமாவே ஒண்ணு வந்தது 1998-ல. சான் ஸ்டார்ம். கார் தயாரிக்க லைசென்ஸ் தேவையில்லன்னு 1993-லயே ஆயிடுச்சு, அந்தத் தடை போச்சு. பிரான்ஸ்ல வரைஞ்ச உருவம், ஃபைபர் கிளாஸ் உடம்பு, ரெனோவோட 1,149 சிசி இன்ஜின், 60 குதிரைசக்தி, ரெண்டே சீட்டு. எல்லாம் சரிதான். ஆனா ஊர் ஊரா சர்வீஸும் ஸ்பேரும் இருக்கிற பெரிய கம்பெனி பின்னால இல்ல. கையெண்ணிக்கையில வித்து, பிறகு நின்னு போச்சு.

இப்போ என் கட்சி. இது செத்துப் போன ஆசை இல்ல. 2006 பட்ஜெட்ல 4 மீட்டருக்குக் குறைஞ்ச நீளம், 1,200 சிசிக்கு மிகாத பெட்ரோல் இன்ஜின்னா வரி குறைவுன்னு ஆச்சு. 2025 செப்டம்பர்ல அந்த அளவு கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமா இறங்கியிருக்கு. உலகம் கொண்டாடுற மாஸ்டா எம்எக்ஸ்-5 நீளம் 3,915 மில்லிமீட்டர்தான். அதாவது, நம்ம வரிக் கணக்கே லேசான கூபேக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு! இன்ஜின்? பல கம்பெனி ஹேட்ச்பேக்குலயும் 1,200 சிசி இருக்கு. அதைத் தூக்கி சீட்டுக்குப் பின்னால வச்சா ஆச்சு. ஃபியட் 1972-ல எக்ஸ்1/9 காரை அப்படித்தான் செஞ்சாங்க, டொயோட்டா 1984-ல எம்ஆர்2-வை அப்படித்தான் செஞ்சாங்க.

இன்னொரு மாற்றமும் வந்திருக்கு. இப்போ நிறைய வீட்டுல ரெண்டாவது வண்டி நிக்குது. சுசீந்திரம் தேருக்கு முதல் வண்டி போகட்டும். குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறைக்குப் போற ரப்பர் தோட்ட வளைவுகள்ல காலையில ஒரு சுத்து போக 200 குதிரை எதுக்கு? 700, 800 கிலோ எடையும் 80 குதிரையும் ஒரு நல்ல ஸ்டியரிங்கும் தாராளம்.

நாயுடுவுக்கு லைசென்ஸ் இல்ல. மெட்ராஸ்காரங்களுக்கு வாங்க ஆள் இல்ல. சான் கம்பெனிக்கு ஊர் ஊரா சர்வீஸ் இல்ல. இன்னைக்கு இது மூணும் இருக்கிற பெரிய கம்பெனிகள் நம்ம நாட்டுலயே இருக்கு. இல்லாதது கரிவரதன் மாதிரி ஒரு பிடிவாதக்காரர் மட்டும்தான்.

உங்க ஊர்ல ஹெரால்டோ டால்ஃபினோ இன்னும் ஓடுதா? ஓட்டினவங்க இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, கேக்க ஆசையா இருக்கு :-)