வாய்தாவும் ஒத்திவைப்பும்: தமிழ் நீதிமன்றச் சொற்களின் வரலாறும் வழக்காளரும்

முன்னுரை

ஒரு நாட்டை ஆண்டோர் யார் என்பதை அந்நாட்டின் நீதிமன்றச் சொற்களைக் கொண்டே ஓரளவு அறியலாம். தமிழில் வழங்கும் வழக்கு, சாட்சி, ஜாமீன், சம்மன் என்னும் நான்கு சொற்களும் நான்கு வேறு காலங்களைச் சுட்டுவன. முதலாவது தமிழ், இரண்டாவது வடமொழி, மூன்றாவது அரபு, பாரசீக வழியாக வந்தது, நான்காவது ஆங்கிலம். இன்று நீதிமன்றப் படியேறும் எளிய மனிதர் இந்நான்கையும் ஒரே மூச்சில் பேசுகிறார்.

இச்சொற்களின் வரலாறு அகராதிக்கு மட்டும் உரியதன்று. சொல்லின் பொருள் விளங்காமையால் ஒருவர் தம் நாளைத் தவறவிடலாம்; நாளைத் தவறவிட்டால் வீட்டையே இழக்கவும் நேரலாம். பெங்களூரின் விவேக் நகர் போன்று தமிழர் பெருகிவாழும், ஆனால் தமிழ் ஆட்சிமொழியாக இல்லாத பகுதிகளில் இச்சிக்கல் மேலும் கூர்மையடைகிறது. தமிழ் நீதிமன்றச் சொற்கள் அடுக்கடுக்காக அமைந்த முறையினையும், ஒவ்வொரு காலத்திலும் வழக்காளர் அச்சொற்களுக்கு எவ்வளவு அண்மையில் இருந்தார் என்பதனையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முறையும் வழக்கும்

பழந்தமிழில் நீதி வழங்குதலைக் குறித்த முதன்மையான சொல் ‘முறை’ என்பதாகும். திருக்குறளின் செங்கோன்மை அதிகாரம் இச்சொல்லையே ஆள்கிறது. முறை வேண்டி நிற்பது முறையீடு ஆயிற்று. நீதி கூறும் அவையை மதுரைக்காஞ்சி ‘அறங்கூறவையம்’ எனக் குறிக்கிறது. ‘வழக்கு’ என்னும் சொல் தொல்காப்பியத்தில் உலக வழக்கையும், திருக்குறளில் ஒழுகலாற்றையும் குறித்தது. வழங்கிவரும் உரிமை பற்றி இருவரிடையே மாறுபாடு எழும்போது அம்மாறுபாடும் வழக்கு எனப்பட்டது. மரபைக் குறித்த சொல்லே மரபு பற்றிய பிணக்கையும் குறிக்கலானது இதனால் விளங்கும்.

இடைக்கால நீதிமுறைச் சொற்களை அறியப் பெரியபுராணம் சிறந்த சான்றாகிறது. தடுத்தாட்கொண்ட புராணத்தில் முதிய அந்தணர் ஒருவர் சுந்தரரைத் தம் வழிவழி அடிமை என்று வழக்குத் தொடுக்கிறார். சுந்தரர் அவர் காட்டிய ஓலையைக் கிழித்தெறிகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவையின்முன் வருகிறது. கிழிபட்டது படியோலை என்றும், மூலவோலை தம்மிடம் உள்ளது என்றும் கூறி முதியவர் அதனை அளிக்கிறார். அவையினர் அதிலுள்ள கையெழுத்தைச் சுந்தரரின் பாட்டனார் எழுதிய பிறிதோர் ஓலையுடன் ஒப்பிட்டுப் பார்த்தே முடிவுகூறுகின்றனர். ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூவகைச் சான்றுகள் இங்குப் பேசப்படுகின்றன. இன்றைய மொழியில் இவை முறையே அனுபோகம், பத்திரம், சாட்சியம் எனலாம். அசலும் நகலும் ஆகிய இரண்டிற்கும் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே தமிழில் மூலவோலை, படியோலை என்னும் தெளிவான சொற்கள் இருந்தமை குறிப்பிடத்தக்கது.

கல்வெட்டுகளில் வடமொழிச் சொற்களும் தமிழ்ச் சொற்களும் கலந்தே வருகின்றன. தன்மாசனம் என்பது நீதி வழங்கும் அமைப்பைக் குறித்தது. விலைப்பிரமாணம், இசைவுத்தீட்டு ஆகியன விற்பனை ஆவணங்களின் பெயர்கள். வாதி, பிரதிவாதி, சாட்சி, பிரமாணம் போன்றவை வடமொழி அறநூல் மரபின் வழிவந்து நிலைபெற்றவை. இக்காலத்தில் வழக்கும் தீர்ப்பும் ஊரவையில் நிகழ்ந்தமையின் சொல்லும் பொருளும் ஊராருக்கு நெருக்கமாக இருந்தன என்று கருதலாம். ஆனால் அந்த அவைகளில் அமரும் தகுதி எல்லோர்க்கும் இருந்ததன்று என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும்.

பாரசீகச் சொற்களைப் பரப்பிய ஆங்கில ஆட்சி

தஞ்சை மராத்தியர் ஆட்சியும் (1676-1855) ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சியும் அரபு, பாரசீகச் சொற்களைத் தமிழகத்தில் பரப்பின. எனினும் அச்சொற்கள் சிற்றூர் வரை சென்று வேரூன்றியதில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியாருக்குப் பெரும்பங்கு உண்டு. 1802ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளால் சென்னை மாகாணத்தில் ஜில்லா நீதிமன்றங்களும், அவற்றுக்கு மேலாகச் சதர் அதாலத்தும் அமைந்தன. தாமஸ் மன்றோவின் முயற்சியால் வந்த 1816ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் கிராம முன்சீப்பு, மாவட்ட முன்சீப்பு ஆகிய பதவிகளுக்கு வடிவம் தந்தன. ஆட்சி ஆங்கிலேயருடையது, பெயர்களோ பாரசீக மரபின. நவாபின் வாளால் ஊருக்குள் நுழையாத சொற்கள் கும்பினியின் ஒழுங்குவிதியால் நுழைந்தன எனலாம்.

இச்சொற்களின் மூலப்பொருளும் இன்றைய பொருளும் ஒப்பிடத்தக்கவை. முன்சீப்பு என்பதற்கு நியாயம் செய்பவர் என்பது பொருள். வக்கீல் என்பது பிறருக்காக நின்று செயலாற்றும் பதிலாள். அவருக்கு அவ்வுரிமையை எழுதிக்கொடுப்பது வக்காலத்து. ஜாமீன் என்பது முதலில் பொறுப்பேற்கும் ஆளையே குறித்தது. பின்னரே அப்பொறுப்பின்மீது பெறும் விடுதலையைக் குறித்தது. தாவா என்பது உரிமை கோருதல். ஜப்தி என்பது அடக்கித் தன்வயப்படுத்தல். பைசல் என்பது முடிவு. ஆஜர் என்பது முன்னிலையாதல். முறையிடுதலைக் குறிக்கும் பாரசீகச் சொல்லே தமிழ் நாவில் பிராது ஆயிற்று.

‘வாய்தா’ என்னும் சொல்லின் வரலாறு தனித்த கவனத்திற்குரியது. வாக்குறுதி என்னும் பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து இது வந்தது. வாக்களித்த நாள், தவணை, வழக்கு அடுத்து எடுத்துக்கொள்ளப்படும் நாள் என இதன் பொருள் படிப்படியாக விரிந்தது. ‘ராஜிநாமா’ இசைவுக் கடிதம் என்னும் பொருளது. நீதிமன்றங்களில் இருதரப்பாரும் இணங்கி அளிக்கும் உடன்பாட்டைக் குறித்தது. இன்றைய பொதுவழக்கில் அது பதவி விலகலையே குறிக்கிறது. இணக்கப் பொருள் ‘ராஜி’ என்னும் குறுவடிவில் மட்டும் எஞ்சியுள்ளது.

வில்சனும் வேதநாயகரும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் வெளிவந்த இரண்டு நூல்களை ஒப்புநோக்குவது இங்குப் பொருந்தும். முதலாவது, ஆக்சுபோர்டு பல்கலைக்கழக வடமொழிப் பேராசிரியர் எச்.எச். வில்சன் தொகுத்து 1855இல் இலண்டனில் வெளியான நீதி, வருவாய்த் துறைச் சொற்றொகுதி. அரபு, பாரசீகம் முதலாகத் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஈறாகப் பல மொழிச் சொற்களுக்கு அது ஆங்கிலத்தில் பொருள் கூறியது. இந்திய மக்கள் பேசும் சொல்லை ஆங்கில அதிகாரி அறியவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

இரண்டாவது நூல் எதிர்த்திசையில் நடந்தது. திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றி, 1857இல் தரங்கம்பாடி முன்சீப்பாக அமர்ந்த ச. வேதநாயகம் பிள்ளை (1826-1889), 1805 முதல் 1861 வரையிலான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தந்தார். ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் பெயரில் அந்நூல் 1862இல் வெளிவந்தது. அதே ஆண்டில்தான் சென்னை உயர்நீதிமன்றம் நிறுவப்பட்டது. அரசின் தீர்ப்பை மக்கள் அறியவேண்டும் என்பது வேதநாயகரின் நோக்கம். வில்சனின் நூல் ஆள்வோருக்கு உதவிய அகராதி. வேதநாயகரின் நூல் ஆளப்படுவோருக்கு உதவிய மொழிபெயர்ப்பு.

அவர் 1879இல் வெளியிட்ட பிரதாப முதலியார் சரித்திரத்திலும் இக்கருத்து தொடர்கிறது. தமிழறிந்த நீதிபதி முன்பு, தமிழ் மட்டுமே அறிந்த கட்சிக்காரருக்காகத் தமிழரான வழக்கறிஞர் ஆங்கிலத்தில் வாதிடும் வழக்கம் அந்நாவலில் கண்டிக்கப்படுகிறது. தம் வழக்கில் என்ன நடக்கிறது என்று அறியாமல் கட்சிக்காரர் நிற்பதே அக்கண்டனத்தின் அடிப்படை. வேதநாயகர் பிறமொழிச் சொற்களை விலக்கும் கொள்கையினர் அல்லர் என்பதும் நினைக்கத்தக்கது. ‘மாயூரம் முன்சீப்’ என்று அரபுச் சொல்லாலேயே தமிழுலகம் அவரை இன்றும் அறிகிறது. சொல்லின் பிறப்பைவிட அது கேட்போருக்கு விளங்குமா என்பதையே அவர் முதன்மையாகக் கருதினார் எனலாம்.

புதிய சொற்களும் நிலைத்த சொற்களும்

1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தால் தமிழ், மாநில ஆட்சிமொழி ஆயிற்று. பின்வந்த திருத்தங்கள் கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு இடமளித்தன. சட்டத் தமிழாக்க முயற்சிகளால் வழக்கறிஞர், நீதிபதி, மேல்முறையீடு, உரிமையியல், குற்றவியல், இடைக்காலத் தடை முதலிய சொற்கள் நாளிதழ்களின் வழியே பரவி நிலைபெற்றன. ஆனால் பிணை, பற்றுகை, ஒத்திவைப்பு ஆகியன ஜாமீன், ஜப்தி, வாய்தா ஆகியவற்றைப் பேச்சிலிருந்து நீக்கவில்லை.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் உண்டு. மக்கள் படித்து அறியும் சொற்கள் மாறின. கேட்டு அறியும் சொற்கள் மாறவில்லை. பெயர்ப்பலகையும் செய்தித்தாளும் உயர்நீதிமன்றம், நீதிபதி என்னும் வடிவங்களைக் கண்முன் நிறுத்தின. வாய்தாவையோ வழக்கறிஞரின் குமாஸ்தா நீதிமன்ற வராந்தாவில் வாய்மொழியாகச் சொல்கிறார். வாய்மொழியாக வழங்கும் சொல்லை அச்சிட்ட பட்டியலால் மட்டும் மாற்ற இயலாது.

இலங்கைத் தமிழ் வேறொரு பாடத்தை அளிக்கிறது. அங்கு ஐரோப்பியர் ஆட்சியின் எச்சமாக அப்புக்காத்து, பிரக்கிராசி, நொத்தாரிசு, தோம்பு ஆகிய சொற்கள் வழங்கின. அப்புக்காத்து, பிரக்கிராசி என்னும் இருவகைத் தொழிலும் 1970களில் ஒன்றாக்கப்பட்டபின் சட்டத்தரணி என்னும் சொல் இடம்பெற்றது. தொழிலின் அமைப்பே மாறியபோது சொல்லும் எளிதில் மாறிற்று. அமைப்பு மாறாமல் சொல்லை மட்டும் மாற்றுவது கடினம் என்பது இதனால் பெறப்படும்.

விவேக் நகரும் பொதுச் சொற்களும்

தமிழகத்திற்கு வெளியே நிலை வேறு. 1809இல் பெங்களூரில் ஆங்கிலேயர் அமைத்த படைக்குடியிருப்பைத் தமிழர் ‘தண்டு’ என வழங்கினர். சென்னை மாகாணத்திலிருந்து படைவீரர்களும் வணிகர்களும் தொழிலாளர்களும் அங்குக் குடியேறினர். அப்பகுதி 1947இல் மைசூர் அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. தண்டுப் பகுதியை ஒட்டி வளர்ந்த விவேக் நகர், குழந்தை இயேசு ஆலயத்தால் பலரும் அறிந்த இடம். தமிழ் அங்குத் தெருமொழியாகவும் வழிபாட்டு மொழியாகவும் விளங்குகிறது. நீதிமன்ற மொழி அதுவன்று. கீழமை நீதிமன்றங்களின் மொழியை மாநில அரசே வரையறுக்கலாம் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 137ஆம் பிரிவு. கர்நாடகத்தில் அம்மொழி கன்னடம். அதனுடன் ஆங்கிலமும் பயில்கிறது.

விவேக் நகர்த் தமிழர் ஒருவர் மேயோ ஹால் வளாகத்து நீதிமன்றத்திற்குச் செல்கிறார் எனக் கொள்வோம். அங்கு அவர் செவியில் விழுவன வகீல, ஜாமீனு, ஜப்தி, அர்ஜி, தாவெ, வாதி, பிரதிவாதி, ராஜி, தீர்ப்பு, கிரயபத்ர என்னும் கன்னடச் சொற்கள். இவற்றுள் எதற்கும் அவருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. தீர்ப்பு இரு மொழிக்கும் பொதுவான திராவிடச் சொல். வாதியும் கிரயமும் வடமொழி. எஞ்சியவற்றுட் பல, தமிழ்த்தூய்மை நோக்கில் விலக்கத்தக்கவை எனக் கருதப்பட்ட அரபு, பாரசீகச் சொற்கள். அவையே இங்கு இரு மொழியினருக்கும் இடையே பாலமாகின்றன. பற்றுகை, பிணை என்று மட்டும் பயின்ற ஒருவர் இப்பாலத்தை இழப்பார்.

பொதுச் சொல் எப்போதும் பொதுப்பொருள் தருவதில்லை என்பதும் எச்சரிக்கத்தக்கது. மகஜர் என்பது தமிழ்ச் செய்திகளில் பலர் கூடி அளிக்கும் கோரிக்கை மனு. கன்னட நாட்டுக் காவல்துறை வழக்கில் சாட்சிகள் முன்னிலையில் நிகழ்விடத்தில் எழுதப்படும் பதிவு. தமிழகக் காவல்துறையின் ‘பார்வை மகஜர்’ என்னும் தொடரிலும் இப்பழைய பொருள் உண்டு. கோரிக்கை மனு என்றெண்ணி நிகழ்விடப் பதிவில் ஒருவர் கையெழுத்திட்டால் அவர் சாட்சியாகிவிடுவார்.

அறியாமையின் விலை சட்டத்தில் நாட்கணக்காகவே குறிக்கப்பட்டுள்ளது. உரிமையியல் வழக்கில் சம்மன் சார்வான நாளிலிருந்து 30 நாட்களுக்குள் பிரதிவாதி எதிருரை அளித்தல் வேண்டும். குறித்த நாளில் அவர் வராவிடில் வழக்கு ஒருதலையாகத் தீர்க்கப்படலாம். அத்தீர்ப்பை நீக்கக் கோரும் காலவரம்பும் 30 நாட்களே. சம்மன் என்பதும் வாய்தா என்பதும் ஒருவருக்கு விளங்காதபோது இந்நாட்கள் அவர் அறியாமலே கழிகின்றன.

முடிவுரை

உயர்நீதிமன்றத்தில் தமிழை ஆட்சிமொழியாக்கத் தமிழகச் சட்டமன்றம் 2006இல் தீர்மானம் இயற்றியது. அரசியலமைப்பின் 348ஆம் பிரிவு ஆளுநர் வழி அதற்கு இடம் தந்தபோதிலும், 2012இல் உச்சநீதிமன்றம் அக்கருத்துருவை ஏற்கவில்லை. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டங்கள் மூன்றும் நியாய சன்ஹிதா, நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சாக்ஷிய அதிநியம் என்னும் வடமொழிசார் பெயர்களைத் தாங்கி வந்துள்ளன. சொல்லடுக்கில் ஐந்தாவதாக ஒன்று நம் காலத்திலேயே படிகிறது.

மேற்கூறியவற்றால் இரண்டு உண்மைகள் புலனாகின்றன. நீதிமன்றச் சொற்கள் ஆள்வோரிடமிருந்து வந்தன; ஆயினும் அவற்றுள் மக்கள் தம் வாயால் வழங்கியவையே தமிழாயின. புதிய தமிழ்ச் சொற்கள் தேவையானவை. மூலவோலை, படியோலை என ஆண்ட மொழிக்கு அது இயலாததன்று. ஆனால் சட்டச் சொல்லகராதி ஒவ்வொன்றும் பிணைக்கு அருகில் ஜாமீனையும், ஒத்திவைப்புக்கு அருகில் வாய்தாவையும் நிறுத்தி, ஓசூருக்கு அப்பால் அச்சொல் பெறும் பொருளையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும். தீர்ப்பை எழுதுவோருக்காக மட்டுமன்றி அதைக் கேட்டு நிற்போருக்காகவும் சொல் தேர்ந்த வேதநாயகரின் நெறி அதுவேயாகும்.