கெடாத் தோட்டங்களில் கள்ளுக்கடையும் தொண்டர் படையும்

உழைத்துக் களைத்த மனிதன் மாலையில் எங்கே சென்று அமர்கிறான் என்னும் வினா சிறியதாகத் தோன்றலாம். ஆனால், ஒரு சமுதாயத்தின் வரலாற்றை ஆராய்வோர்க்கு அவ்வினா பல கதவுகளைத் திறந்துவிடும். இன்று சுங்கைப் பட்டாணி, கூலிம் போன்ற கெடா மாநில நகரங்களில், அகன்ற திரையில் ஆங்கிலக் காற்பந்தாட்டத்தைக் காட்டி, பொரித்த கோழி இறக்கையும் பர்கரும் பீரும் விற்கும் கடைகளை இரவில் காணலாம். அங்குக் கூடும் இளைஞருள் தோட்டத்து வழி வந்த தமிழரும் உளர். அவர்களுடைய பாட்டன்மாரும் மாலையில் கூடினர், குடித்தனர், பேசிச் சிரித்தனர். அவர்கள் கூடிய இடம் தோட்டத்துக் கள்ளுக்கடை. அக்கடையை மூட வேண்டும் என்று அந்தப் பாட்டன்மாருள் ஒரு சாராரே 1947ஆம் ஆண்டில் அணிதிரண்டு நின்றனர் என்பதும், அதன் பொருட்டு உயிரும் போயிற்று என்பதும் இன்றைய மாணவருள் பலர் அறியாத செய்திகள்.

தமிழ் மரபில் கள்

கள் தமிழர்க்குப் புதியதன்று. அதியமானின் மறைவுக்கு இரங்கிப் பாடிய ஔவையார், கள் சிறிதளவே கிடைத்தால் அதனைத் தமக்கே தந்துவிடுவான் அவன் என்று நினைவுகூர்கிறார். அங்கே கள் நட்பின் அடையாளம். வள்ளுவரோ கள்ளுண்ணாமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்துப் பத்துக் குறள்களில் அதன் கேட்டினை எடுத்துரைத்தார். கூடி உண்ணும் இன்பம், குடி கெடுக்கும் துன்பம் ஆகிய இரண்டையும் நம் இலக்கியம் அறிந்தே இருந்தது. ஆயினும், புலவரும் மன்னரும் பகிர்ந்துண்ட கள்ளுக்கும், முதலாளி உரிமம் பெற்றுக் கூலியாளுக்கு விற்ற கள்ளுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. அவ்வேறுபாட்டை உணராதவர்க்குத் தோட்ட வரலாறு விளங்காது.

லயத்தருகே எழுந்த கடை

1909ஆம் ஆண்டு கையெழுத்தான பாங்காக் உடன்படிக்கையின் வழி கெடா, சயாமின் மேலாட்சியிலிருந்து ஆங்கிலேயர் செல்வாக்கின் கீழ் வந்தது. தொடர்ந்து கூலிம், பாடாங் செராய், சுங்கைப் பட்டாணி, பீடோங் வட்டாரங்களில் ரப்பர்க் காடுகள் பெருகின. கங்காணிகள் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தனர். வந்தவர்க்கு லயத்தில் ஓர் அறையும், பிரட்டுக் களத்தில் ஓர் இடமும் கிடைத்தன. துரை, கிராணி, கங்காணி என்னும் அடுக்குகளுக்குக் கீழே அவர்களுடைய வாழ்வு அமைந்தது.

பால்மரம் சீவும் தொழில் விடியுமுன் தொடங்குவது. வெயில் ஏறுமுன் மரத்தில் பால் நன்கு வடியும் என்பதே காரணம். ஆதலின் நண்பகல் கடந்ததும் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். அதன்பின் நீண்டதொரு பிற்பகலும் மாலையும் எஞ்சின. அப்பொழுதைக் கழிக்க நூலகமோ மன்றமோ இல்லை. நகரம் தொலைவில் இருந்தது. கோயில் திருவிழா ஆண்டுக்கு ஒரு முறையே வந்தது. நாள்தோறும் திறந்திருந்த பொது இடம் கள்ளுக்கடை ஒன்றே.

கள்ளின் இயல்பும் இதற்குத் துணை செய்தது. தென்னம் பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டினால் இனிய சாறு சொட்டும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் அது பதநீர். தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்களால் சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கிக் கள்ளாகிவிடும். அதன் வீரியம் ஏறத்தாழ இன்றைய பீரின் வீரியமே. மறுநாள் அது காடியாகப் புளித்துப்போகும். சேர்த்து வைக்க இயலாத பொருள் என்பதால் அன்றன்று இறக்கியதை அன்றன்றே விற்றாக வேண்டும்; விற்குமிடம் குடிப்போர்க்கு அருகிலேயே இருந்தாக வேண்டும். இவ்வாறு கடை லயத்தருகே வந்து நிலைத்தது. குடியும் அன்றாட வழக்கமாயிற்று.

தோட்ட நிர்வாகங்கள் கள்ளுக்கடைக்கு ஆதரவாகச் சில நியாயங்களைக் கூறின. கள்ளில் உடலுக்கு வேண்டிய சத்து உண்டு என்பது ஒன்று. கடையை மூடினால் தொழிலாளர் கேடு மிகுந்த சம்சுவை நாடுவர் என்பது மற்றொன்று. இவற்றில் உண்மை அறவே இல்லை என்று தள்ளிவிட முடியாது. ஆயினும், கூலியாகக் கொடுத்த காசு கடையின் வழியே தோட்டத்தின் எல்லைக்குள்ளேயே சுழன்றது என்பதையும், கடனில் மூழ்கிய தொழிலாளி துரையை எதிர்த்துப் பேசத் துணியான் என்பதையும் அவர்கள் சொல்லவில்லை. சம்பள நாளன்று கணவன் கையிலிருந்து வீட்டுக்கு வந்து சேராத காசின் சுமையை மனைவியரே தாங்கினர். அவர்களும் ஆடவரைப் போலவே வாளி சுமந்து பால் மரம் வெட்டியவர்கள்.

துரைமார்க்கும் மாலைப் பொழுது இருந்தது, அவர்களும் குடித்தனர். ஆனால், அவர்களுடைய கிளப்பில் மதுவோடு டென்னிஸும் பில்லியர்ட்ஸும் செய்தித்தாளும் இருந்தன. ஒரே தோட்டத்தில் ஒரு சாரார்க்குக் குடி, பொழுதுபோக்கின் ஒரு பகுதி. மற்றொரு சாரார்க்கோ குடியே முழுப் பொழுதுபோக்கு.

எதிர்ப்பின் ஊற்றுகள்

கள்ளை எதிர்க்கும் எண்ணம் கெடாவில் திடீரெனத் தோன்றியதன்று. 1921ஆம் ஆண்டு ஈரோட்டில் நடந்த கள்ளுக்கடை மறியலில் பெரியார் ஈ.வெ.இராமசாமியும் அவர்தம் துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் முன்னின்றனர். 1937 அக்டோபரில் இராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இச்செய்திகள் கப்பலேறி மலாயாவுக்கும் வந்தன. பெரியார் 1929ஆம் ஆண்டின் இறுதியில் பினாங்கில் வந்திறங்கி இந்நாட்டில் சுற்றுப்பயணம் மேற்கொண்டார். அதன்பின் சீர்திருத்தக் கருத்துகள் நகரத் தமிழரிடையிலும் தோட்டத் தமிழரிடையிலும் வேகமாகப் பரவின.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்தில் ஆர்.எச்.நாதன் முதலியோர் முன்னின்ற தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் மூண்டது. அன்றைய கோரிக்கைகளுள் கூலி உயர்வு இருந்தது. பிள்ளைகளுக்குக் கல்வி இருந்தது. துரையின் முன்னால் சைக்கிளைவிட்டு இறங்காமல் செல்லும் உரிமையும் இருந்தது. அவற்றோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்ற கோரிக்கையும் இடம்பெற்றது. சைக்கிளும் கள்ளும் ஒரே பட்டியலில் நின்றமையை மாணவர் கருத வேண்டும். இரண்டும் தன்மானம் பற்றியவை. அவ்வேலைநிறுத்தம் அடக்கப்பட்டது, ஐவர் உயிரிழந்தனர்.

பின்னர் ஜப்பானியர் ஆட்சி வந்தது. தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவருள் பலர் திரும்பவில்லை. மறுபுறம், 1943இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தபின், இந்திய தேசிய இராணுவத்தில் தோட்டத்து இளைஞரும் சேர்ந்தனர். லயத்தில் பிறந்தவன் சீருடை அணிந்தான், அணிவகுத்து நடந்தான், மேடைப் பேச்சைக் கேட்டான். 1945இல் போர் முடிந்து அவன் தோட்டத்துக்குத் திரும்பியபோது லயமும் துரையும் கள்ளுக்கடையும் அப்படியே இருந்தன. அவன் மட்டுமே மாறியிருந்தான்.

தொண்டர் படை

இச்சூழலில் உருவானதே கெடாவின் தொண்டர் படை. பீடோங்கை அடுத்த ஹார்வார்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ.எம்.சாமி என்பார் இதன் தலைவராக விளங்கினார். 1946ஆம் ஆண்டில் இப்படை தோட்டந்தோறும் பரவியது. இளைஞர்கள் படைவீரரைப் போல் பயிற்சி பெற்றனர். மதுவை ஒழித்தல், ஒழுக்கத்தை வளர்த்தல், தொழிலாளரை ஒன்றுபடுத்தல் என்பன அவர்தம் நோக்கங்களாக அமைந்தன. இம்முயற்சி கெடா ரப்பர்த் தொழிலாளர் சங்க இயக்கத்தோடும் நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது.

தொண்டர்கள் குறையற்றவர்கள் என்று எழுதுவது வரலாறாகாது. அறிவுரைக்குப் பணியாதவரை அவர்கள் கட்டாயப்படுத்தினர் என்றும், சில இடங்களில் தண்டித்தனர் என்றும் நிர்வாகங்கள் குற்றஞ்சாட்டின. அக்குற்றச்சாட்டுகளை முழுமையாக மறுப்பதற்கில்லை. எனினும், தோட்ட நிர்வாகம் அஞ்சியது அக்கடுமையை மட்டுமன்று. இதுவரை துரையின் சொல்லே சட்டமாக இருந்த எல்லைக்குள், தொழிலாளர் தமக்குத் தாமே ஒழுங்கு வகுத்துக்கொண்டனர். அதனையே அது பொறுக்கவில்லை. குடித்துக் கிடந்த கூலியாளைவிடக் குடிக்க மறுத்த கூலியாள் நிர்வாகத்துக்குப் பெரிய சிக்கலாகத் தோன்றினான்.

1947ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களின் இறுதியில் பீடோங்கில் கள்ளுக்கடையை எதிர்த்துத் தொழிலாளர் திரண்டனர். காவல்துறை கூட்டத்தைக் கலைத்தது. அதில் காயமுற்ற தொழிலாளர் ஒருவர் உயிர் நீத்தார். மார்ச்சுத் திங்களின் தொடக்கத்தில் புக்கிட் செம்பிலான் தோட்டத்தில் காவலர் நுழைந்து அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கைது செய்தனர். ஏப்ரல் இறுதியில் டப்ளின் தோட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மற்றொரு தொழிலாளர் மாண்டார். கள்ளுக்கடை மறியலாகத் தொடங்கிய கிளர்ச்சி, இரு திங்களுக்குள் கெடாத் தோட்டங்களில் அதிகாரம் யாருக்கு என்னும் போராட்டமாக முதிர்ந்துவிட்டது.

அடக்குமுறைக்கு முன்னால் தொண்டர் படை நிலைக்கவில்லை. 1948 ஜூன் மாதம் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டதும் போர்க்குணம் கொண்ட தொழிற்சங்கங்கள் அனைத்தும் ஒடுக்கப்பட்டன. அதே ஆண்டில் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. தாய்நாட்டில் சட்டமாகிய ஒன்றைக் கேட்டவர்கள் இங்கே குற்றவாளிகள் ஆயினர்.

கடை போனபின்

காலப்போக்கில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. தோட்டத்துக் கள்ளுக்கடைகளும் பெரும்பாலும் மறைந்தன. ஆனால், குடி மறையவில்லை. கள்ளைவிடப் பன்மடங்கு வீரியமுள்ள மலிவான சம்சு, சிறு புட்டிகளில் அடைபட்டு மளிகைக் கடை வழியே வீட்டுக்குள் நுழைந்தது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் அதன் தீமைகளை எடுத்துக்காட்டிப் பல்லாண்டுகள் பரப்புரை செய்ய நேர்ந்தது. கள்ளுக்கடையில் குடித்தவன் பலர் கண்முன் குடித்தான். புட்டியோடு இருந்தவன் தனிமையில் குடித்தான். கடையை அகற்றிய காலம், அது நிரப்பியிருந்த மாலைப் பொழுதுக்கு மாற்று எதனையும் வைக்கவில்லை.

தொண்டர் படையின் பெருமையை இங்கேதான் உணர வேண்டும். அப்படை ‘குடியாதே’ என்று சொன்னதோடு நில்லாமல், குடித்துக் கழித்த மாலையில் இளைஞர் கூடி நிற்க ஒரு களத்தையும், கற்றுக்கொள்ள ஒரு பயிற்சியையும், உழைப்பதற்கு ஒரு நோக்கத்தையும் தந்தது. அறிவுரை கூறிய இயக்கங்கள் பல. மாலைப் பொழுதுக்கு மாற்றும் தந்தவை சில. பிற்காலத்தில் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளில் நடந்த இளைஞர் மன்றக் கூட்டங்களும், நாடக ஒத்திகைகளும், திடலில் நடந்த காற்பந்துப் போட்டிகளும் இதே பணியை அமைதியாகச் செய்தன.

பீடோங்குக்கு அருகிலேயே பூஜாங் பள்ளத்தாக்கு உள்ளது. இராசேந்திர சோழன் 1025இல் கடாரத்தை வென்ற செய்தியை நம் மாணவர் பெருமையோடு ஒப்புவிக்கின்றனர். அது வேண்டியதே. ஆனால், அதே மண்ணில் 1947இல் தம் சொந்த மக்களின் குடி வாழக் குரல் கொடுத்து மாண்டவர்களை அவர்கள் அறியார். மன்னனின் வெற்றிக்கு மெய்க்கீர்த்தி உண்டு. தொழிலாளியின் எதிர்ப்புக்கு ஆசிரியரின் நாவே மெய்க்கீர்த்தியாக வேண்டும். அப்போராட்டக் காலத்துத் தோட்ட வாழ்வை நேரில் கண்ட முதியோர் சிலரேனும் கெடாச் சிற்றூர்களில் இருக்கக்கூடும். மாணவரை அவர்களிடம் அனுப்பிக் கேட்டு எழுதச் செய்வது, பாடநூலின் ஒரு பக்கத்தை மனப்பாடம் செய்விப்பதினும் மேலான வரலாற்றுப் பாடமாகும்.

நகரத்து அகன்ற திரையின் முன் இன்று அமர்ந்திருக்கும் இளைஞனைக் கடிந்து பயனில்லை. தோழரோடு கூடியிருக்க விரும்புவது குற்றமன்று. அவன் பாட்டனும் அதனையே விரும்பினான். அந்த விருப்பத்துக்கு இடந்தரும் மன்றமும் நூலகமும் விளையாட்டுத் திடலும் அவன் வாழும் வட்டாரத்தில் மாலையில் திறந்திருக்கின்றனவா என்பதே கேட்க வேண்டிய வினா. தொண்டர் படையினர் விட்டுச்சென்ற அவ்வினாவுக்கு விடை தேடும் பொறுப்பு, தமிழ்ப்பள்ளியையும் தமிழ் மன்றங்களையும் நடத்துவோரைச் சார்ந்ததாகும்.