வெல்லம் ஏறிய மலை: சூரியநெல்லித் தோட்டத் தமிழரும் பண்டிகைப் பலகாரமும்

கேரளத்திற்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம் கடைக்குப் போய் எதைக் கேட்டாலும் கிடைக்கும். வெல்லம் கேட்டால் மட்டும் ஒரு தம்ளர் தண்ணீர் வரும் என்று ஒரு பழைய வேடிக்கை உண்டு. மலையாளத்தில் 'வெள்ளம்' என்றால் தண்ணீர். சரி, 'சர்க்கரை' என்று மாற்றிக் கேட்டால் பழுப்பு நிற உருண்டை வரும். அங்கே 'சர்க்கர' என்பதுதான் வெல்லம். நாம் சொல்லும் வெள்ளைச் சீனிக்குப் பெயர் 'பஞ்சசார'. இதில் மலையாளிகள் சொல்வதுதான் பழைய வழக்கு என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். நம்ம வீட்டுச் சர்க்கரைப் பொங்கலில் சீனியா போடுகிறோம்? வெல்லத்தைத்தானே போடுகிறோம். சீனி ஆலைகள் வருவதற்கு முன்பு தமிழிலும் சர்க்கரை என்றால் வெல்லச் சர்க்கரைதான். அந்தப் பெயரைப் பின்னால் வந்த வெள்ளைச் சீனி பறித்துக்கொண்டது. சென்னைப் பக்கம் பெரியவர்கள் சீனியை 'அஸ்கா' என்பார்கள். ஒரிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் உள்ள அஸ்கா என்ற ஊரில் 19ஆம் நூற்றாண்டில் நடந்த சர்க்கரை ஆலையால் வந்த பெயர் அது.

இந்தச் சொல் குழப்பத்தை நாள்தோறும் சந்தித்து வாழ்ந்துவருபவர்கள் இடுக்கி மாவட்டத்துத் தோட்டத் தமிழர்கள். அவர்களில் சூரியநெல்லி, சின்னக்கானல் பகுதியில் வாழ்பவர்கள் தமிழ்நாட்டு எல்லைக்கு மிக அருகில் இருப்பவர்கள். சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் ஏறினால் கொழுக்குமலை. அது தேனி மாவட்டம், ஆனால் வண்டிப்பாதை கேரளத்தின் வழியாகத்தான். இன்னொரு பக்கம் போடிமெட்டுச் சோதனைச்சாவடியைத் தாண்டி வளைந்து வளைந்து இறங்கினால் போடிநாயக்கனூர். இத்தனை அருகில் இருந்தும், பண்டிகை வந்தால் நம்மைப் போலவே அவர்களும் அயல் மாநிலத்தில் இருந்துகொண்டுதான் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றுகிறார்கள்.

மலைக்கு அரிசி வந்த வழி

1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் காடு அழிந்து தேயிலை ஏறியது. கங்காணிகள் திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்தார்கள். மலையில் தேயிலை விளையும், ஏலம் விளையும். ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சோறு போடும் நெல் விளையாது. ஆகவே உணவுச் சரக்கு எல்லாம் கீழிருந்து மேலே வந்தாக வேண்டும். டாப் ஸ்டேஷனிலிருந்து அடிவாரத்துக் கொட்டகுடிக்கு அமைத்த கம்பிவழி விஞ்சில் தேயிலைப் பெட்டி இறங்கியது, அரிசி மூட்டை ஏறியது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை குண்டளைப் பள்ளத்தாக்கில் சிறு ரயிலே ஓடியது. 1924 ஜூலையில் பெய்த பேய்மழையில் அந்த ரயில்பாதை அடித்துக்கொண்டு போயிற்று. மலையாளிகள் இன்றைக்கும் 'தொண்ணூற்றி ஒன்பதிலெ வெள்ளப்பொக்கம்' என்பார்கள்; கொல்லம் ஆண்டு 1099இல் நடந்ததால் அந்தப் பெயர்.

இங்கே இன்னொரு கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1895இல் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டு, மேற்கே ஓடிய நீர் சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கிற்குத் திரும்பியது. அந்தப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் செழித்தன. தேனி வட்டாரத்து வெல்லம் பெயர் பெற்றது. இடுக்கி மலையின் தண்ணீர் கீழே இறங்கி, அரிசியாகவும் வெல்லமாகவும் மறுபடி மலைக்கு ஏறியது எனலாம். மலையாளி 'வெள்ளம்' என்பதும் தமிழர் 'வெல்லம்' என்பதும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றுக்கொன்று உறவுக்காரர்கள்தான்!

கரும்பு கேரளப் பக்கம் அறவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. மழைமறைவுப் பகுதியான மறையூர், காந்தளூரில் கரும்பு உண்டு. அங்கே கையால் உருட்டும் 'மறையூர் சர்க்கரை' 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் சூரியநெல்லிக்காரருக்குப் போடிச் சந்தைதான் கைக்கெட்டும் தூரம். திருநெல்வேலிப் பக்கத்து வேர் உள்ள குடும்பங்களுக்கோ வெல்லம் இரண்டாம்பட்சம், கருப்பட்டிதான் முதல். 'கருப்பட்டி போடாத பலகாரம் ஒரு பலகாரமா?' என்று கேட்கும் ஆச்சிமார் அந்தச் சீமை முழுவதும் உண்டு. ஏலக்காய் மட்டும் மலையின் சொந்தச் சரக்கு. அதிலும் ஒரு வேடிக்கை: மலையில் விளைந்த ஏலக்காய் ஏலம் போக இறங்குவதும் போடிநாயக்கனூருக்கே.

அதிரசத்தின் வயது

தீபாவளி என்றால் அதிரசம் என்ற வழக்கு தோட்டத்து லயங்களிலும் மாறவில்லை. இது எவ்வளவு பழைய பண்டம்? 16ஆம் நூற்றாண்டுத் திருமலைக் கல்வெட்டுகளில் பெருமாளுக்குப் படைக்க 'அதிரசப்படி' என்று தனியே அளவு குறித்திருக்கிறார்கள். அதே வரிசையில் அப்பப்படி, தோசைப்படி, மனோகரப்படி, சுகியன்படி எல்லாம் வருகின்றன. அதற்கும் முன்னால் போனால், மதுரைக்காஞ்சியில் அப்ப வணிகரான 'கூவியர்' வருகிறார்கள்.

மேலே சொன்ன 'சுகியன்' என்ற பெயரைக் கவனியுங்கள். நம் ஊரில் அது சுசியம், சுழியம், சுய்யம் என்று திரிந்துவிட்டது. கேரளத்து டீக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் இன்றும் 'சுகியன்' என்ற பெயரிலேயே பயறு வைத்து விற்கிறார்கள். அங்குள்ள நெய்யப்பமும் நம் அதிரசத்துக்கு அக்கா தங்கை முறைதான். எல்லைக்கோடு 1956இல் போட்டது. பலகாரச் சட்டிக்கு அது தெரியாது.

கிறிஸ்துமஸுக்கு வேறு வரிசை. தென்மாவட்டக் கிறிஸ்தவக் குடும்பங்கள் அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் செய்வார்கள். முந்திரிக்கொத்தில் முந்திரிப்பருப்பு இருக்காது. வறுத்த பாசிப்பயறு மாவும் பாகும் சேர்த்த உருண்டைதான். இரண்டு மூன்றாக ஒட்டிக்கொண்டு கொடிமுந்திரிக் குலை போல் தெரிவதால் அந்தப் பெயர். ஒரே லயத்தில் பத்து வீடு என்றால் பத்து வீட்டுத் தட்டும் சுற்றி வரும். தீபாவளிக்குப் போன தட்டு வெறுமனே திரும்பாது. கிறிஸ்துமஸுக்கோ பொங்கலுக்கோ வேறொரு பண்டத்தோடு வரும்.

மலை உயரமும் பாகுப் பதமும்

செய்முறை நம் தாய்மார்களுக்குத் தெரிந்ததே. பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் ஆறப்போட்டு, ஈரம் கையில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும்போது இடித்துச் சலிக்க வேண்டும். வெல்லத்தைப் பாகு காய்ச்சி, ஏலமும் சுக்கும் தட்டிப்போட்டு, மாவைக் கொட்டிக் கிளறி, ஓரிரு நாள் புளிக்கவிட்டுத் தட்டிச் சுட வேண்டும். ஆனால் இதைச் சூரியநெல்லியில் செய்து பார்க்க வேண்டும்! ஐப்பசி வடகிழக்குப் பருவமழைக் காலம். விடிந்தால் மூடுபனி, மதியம் தூறல். அரிசி எங்கே ஆறுவது? அடுப்புச் சூட்டை ஒட்டிப் பரப்பித்தான் ஈரத்தை வாங்க வேண்டும். கூடுதல் ஈரத்தோடு இடித்தால் மாவு கட்டிப்படும், ரொம்பக் காய்ந்தால் பாகு பிடிக்காது.

அடுத்தது பாகு. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். 5,000 அடி உயரத்தில் அது 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். பாகுக்கும் இதே கதிதான். கீழே சுமார் 114 டிகிரியில் கிடைக்கும் உருட்டுப் பதம் மலையில் ஏறக்குறைய 109 டிகிரியிலேயே வந்துவிடும். சமவெளிக் கணக்கில் தெர்மாமீட்டர் வைத்துக் காய்ச்சினால் பாகு முற்றி, அதிரசம் கல்லாகும். நம் பாட்டிமார் டிகிரி பார்த்ததில்லை. கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டினார்கள், உருண்டால் பதம். பாகில் எவ்வளவு நீர் மிச்சம் என்பதை நேரடியாகக் காட்டும் சோதனை இது. ஆகவே எந்த உயரத்திலும் செல்லும். ஒரே ஒரு சூட்சுமம்: மலையில் தண்ணீரே ஐஸ் மாதிரி இருக்கும். அதில் விட்ட சொட்டு பதம் வருவதற்கு முன்பே கெட்டிப்பட்டு ஏமாற்றும். 'உருளுதுன்னு இறக்கிராத, இன்னொரு கொதி விடு' என்று சொல்லத் தெரிந்த கை பக்கத்தில் வேண்டும். இல்லையென்றால் எண்ணெயில் போட்டதும் அதிரசம் பிரிந்து சிதறிவிடும்.

கடலை உருண்டைக்கும் பொரி உருண்டைக்கும் கெட்டிப் பாகு. தட்டில் எறிந்தால் 'டங்'கென்று சத்தம் வர வேண்டும். பாகுப் பண்டம் எதுவும் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். எனவே மலையில் அதைத் திறந்து வைத்தால் மறுநாள் கையில் பிசுபிசுக்கும். இறுக்கி மூடும் தகர டின் பலகாரத்தைப் போலவே முக்கியம்.

இவ்வளவையும் செய்பவர்கள் பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்த பெண்கள் என்பதை நம் கட்டுரையாளர்கள் பெரும்பாலும் எழுதுவதில்லை. மாவு இடிப்பது, தேங்காய் துருவுவது, உருண்டை பிடிப்பது எல்லாம் குடும்பமாகக் கூடிச் செய்வதுதான். ஆனால் பாகுச் சட்டிப் பக்கம் நின்றது பெண்தான், அதுவும் ராத்திரித் தூக்கத்தைக் கழித்துக்கொண்டு. பண்டிகையின் சந்தோஷத்தைப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கையும் போட வேண்டும் என்பது என் கருத்து.

ரேஷனும் போனஸும்

1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தபோது, பர்மா அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூர் திண்டாடியது. சோற்றுக்கே மரவள்ளிக்கிழங்கு என்றான காலத்தில் பலகாரத்துக்கு அரிசி இடிப்பது ஆடம்பரம்தான். பின்னாளில் பங்கீட்டுக் கடை நிலைத்தது. அங்கே பெரும்பாலும் புழுங்கலரிசி, அதிரசத்துக்கு உதவாது. பச்சரிசியைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

காசு எப்போது வரும் என்பதுதான் அடுத்த கேள்வி. 1965ஆம் ஆண்டு போனஸ் சட்டம் குறைந்தபட்சப் போனஸைக் கட்டாயமாக்கியது; அந்தக் குறைந்தபட்ச அளவு பின்னாளில் 8.33 விழுக்காடு ஆயிற்று. தமிழ்நாட்டில் போனஸ் என்றாலே தீபாவளி. கேரளத்தில் அது ஓணத்தை ஒட்டி வரும். தீபாவளிக்கும் ஓணத்துக்கும் இடையே இரண்டு மாதம் இருக்கும். ஓணத்தில் கையில் வந்த பணம் ஐப்பசி வரை தங்குமா? பிள்ளைகளின் படிப்பு, கடைக்கடன், ஊரில் ஒரு கல்யாணம் என்று கரைந்துபோகும். 2015 செப்டம்பரில் மூணாறில் 'பெண்கள் ஒற்றுமை' என்று தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் சங்கத் தலைவர்களையே ஒதுக்கிவிட்டுச் சாலையில் உட்கார்ந்தது இந்தப் போனஸுக்காகத்தான். கம்பெனி அதை 10 விழுக்காடாகக் குறைத்திருந்தது. ஒன்பது நாள் போராட்டத்துக்குப் பின் 8.33 விழுக்காடு போனஸும் 11.67 விழுக்காடு கருணைத் தொகையும் ஆக 20 கிடைத்தது. அப்போது அவர்களின் நாள் கூலி 232 ரூபாய். பின்னர் 301 ஆயிற்று. அந்த ஆண்டுத் தீபாவளி நவம்பர் 10இல் வந்தது.

எல்லை அடைபட்டபோது

1956 நவம்பர் 1இல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டத்தை இம்மலரின் வாசகர்கள் அறிவார்கள். ஆனாலும் போடிமெட்டு வழி திறந்திருந்தவரை வெல்ல மூட்டை வந்துகொண்டுதான் இருந்தது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை முற்றியபோது குமுளியிலும் போடிமெட்டிலும் போக்குவரத்து நின்றது. ஏலத்தோட்டத் தமிழ்த் தொழிலாளர்கள் பலர் பயந்து தேனிப் பக்கம் இறங்கினார்கள். எந்தத் தண்ணீர் வெல்லமாகித் திரும்பி வந்ததோ, அந்தத் தண்ணீரின் சண்டையே வழியை அடைத்தது. மறுபக்கம், இன்று பொங்கலுக்கு இடுக்கி உள்ளிட்ட ஆறு மாவட்டங்களில் கேரள அரசு உள்ளூர் விடுமுறை விடுகிறது என்பதையும் நன்றியோடு குறிப்பிட வேண்டும்.

அரிசிக்கு இன்னொரு பங்காளியும் உண்டு. சின்னக்கானல் வட்டாரத்தில் ரேஷன் கடைகளையும் வீடுகளையும் உடைத்து அரிசி தின்ற காட்டுயானைக்கு 'அரிக்கொம்பன்' என்று பெயர். மலையாளத்தில் அரி என்றால் அரிசி. பன்னியார் எஸ்டேட் ரேஷன் கடை அதனிடம் பலமுறை அடி வாங்கியது. 2023 ஏப்ரல் 29இல் மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். ஒரு மாதத்துக்குள் அது கம்பம் நகரத் தெருவில் நின்றது! பிறகு தமிழக வனத்துறை அதைப் பிடித்துத் தெற்கே முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனது. லயத்து வீட்டில் பத்துப்படி அரிசியை இடித்து வைப்பது அந்த ஆண்டுகளில் துணிச்சலான காரியமாகத்தான் இருந்திருக்கும்.

இன்றைக்குப் பிள்ளைகள் திருப்பூர், கோயம்புத்தூர், சென்னை என்று போய்விட்டார்கள். விடுமுறைக்கு வரும்போது பேக்கரி டப்பாவோடு வருகிறார்கள். இதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். ராத்திரி முழுக்க அடுப்படியில் நின்றவளுக்கு ஒரு ஓய்வு வேண்டாமா? கவலை வேறு இடத்தில். லயத்து வீடு தொழிலாளிக்குச் சொந்தமில்லை. பணி ஓய்வு பெற்றதும், வேலையில் இன்னொருவர் வீட்டில் இல்லையென்றால், காலி செய்ய வேண்டும். மூன்று தலைமுறை மலையில் இருந்த குடும்பம் போடியிலோ தேனியிலோ வாடகை வீட்டுக்கு இறங்கும். உரலைத் தூக்கிக்கொண்டா போக முடியும்? அது லயத்து வாசலிலேயே கிடக்கும். இறங்கிய இடத்தில் மாவு மில் இருக்கிறது, வெல்லமும் பக்கத்துச் சந்தையிலேயே மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் அங்கே பாகு உருளுவது பழகிய கைக்கு மறுபடி புதிதாகத் தெரியும், கிண்ணத்துத் தண்ணீர் அவ்வளவு குளிராய் இல்லாததால்.