வீட்டு மின்சுற்றுப் பாதுகாப்பு: திருப்பூர் வட்டாரம்

வீட்டு வயரிங்கில் ஷாக்கையும் தீயையும் தடுப்பதற்கான ஏற்பாடுகள். திருப்பூர், அவிநாசி, பல்லடம் பகுதிகளில் ஓவர்லாக், பவர் டேபிள் தையல் மெஷின்கள், அயர்ன் பாக்ஸ் ஆகியவை சமையலறையை அடுத்த அறையிலேயே ஓடும் வீடுகள் உண்டு என்பதால், இங்கே இது கூடுதல் கவனம் கோருகிறது.

நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் 1932 இல் இயங்கத் தொடங்கியதும் கோவை வட்டாரத்து ஆலைகள் மின்சாரத்துக்கு மாறின. பெரும்பாலான வீடுகள் பல ஆண்டுகள் காத்திருந்தன. 1957 ஜூலை 1 அன்று தமிழ்நாடு மின்சார வாரியம் அமைந்தபின் கிராமங்களுக்கும் கம்பி நீண்டது. பழைய வயரிங், தேக்குச் சட்டத்தில் கிளிப் அடித்து ஓட்டிய ரப்பர் உறைக் கம்பி. அக்காலத்து 1/18, 3/20, 7/20 அளவுகளை மூத்த எலக்ட்ரீஷியன்கள் இன்னும் சொல்வதுண்டு. வெயிலில் ரப்பர் இறுகி வெடிக்கும். அதற்குக் காவல் பீங்கான் பியூஸ் கேரியர் மட்டுமே. உருகுகம்பி போனால் வயரிலிருந்து உருவிய செம்பு இழைகளை முறுக்கிக் கட்டுவார்கள்; அத்துடன் அந்தக் காவலும் போயிற்று.

பியூஸும், பின்னர் வந்த, தானே விழும் சுவிட்சான எம்.சி.பி.யும் காப்பது கம்பியை, மனிதரை அல்ல. தமிழகத்தில் வீட்டு எர்த் பெரும்பாலும் வீட்டுக்காரர் புதைக்கும் பைப்தான். மழை குறைந்த திருப்பூர் மண் கோடையில் காய்ந்து எர்த்தின் தடை கூடும். அது 20 ஓம் என்றால், மின்கசிவின்போது 230 வோல்ட்டில் 11.5 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் எம்.சி.பி. விழாது, தையல் மெஷினின் இரும்பு உடலில் மின்சாரம் நிற்கும். போகும் மின்னோட்டத்தையும் திரும்புவதையும் ஒப்பிட்டு, 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றே இங்கே உயிர் காக்கும். வீடு முழுவதற்கும் ஒன்றை வைப்பது தவறான திட்டம். அடிக்கடி விழுந்தால் வெறுத்துப்போய் அதை ஒதுக்கி நேரடியாக இணைத்துவிடுவார்கள். தையல் பகுதிக்கும் குளியலறைக்கும் தனித்தனியே வேண்டும்.

தீத்தடுப்புக்கு மெயினில் 300 மில்லி ஆம்பியர் சாதனம் சேர்ப்பார்கள். அந்தக் கசிவு 69 வாட் வெப்பம், பஞ்சுத்தூசி பற்றப் போதுமானது. தளர்ந்த ஸ்குரூவில் ஏறும் சூட்டை இச்சாதனங்கள் எதுவும் அறியாது. ஆகவே பிளக் பாக்ஸில் படியும் பஞ்சைத் துடைப்பதும், சுவிட்ச் போர்டுக்குக் கீழே கட்டிங் வேஸ்ட் மூட்டை அடுக்காமலிருப்பதும் பாதுகாப்பின் பகுதியே.

2021 இல் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஆர்.சி.சி.பி. போன்ற கசிவுத் துண்டிப்பானைக் கட்டாயமாக்கியது. மத்திய மின்சார ஆணையத்தின் 2023 பாதுகாப்பு விதிமுறைகள் நடப்பில் உள்ளன.