மாயபிம்பமும் மெய்பிம்பமும்: விழித்திரையில் வரையும் காட்சிக் கருவியின் மூலம் பற்றி

விழித்திரைக் காட்சிக் கருவிக்குத் திரை கிடையாது. மெல்லிய லேசர்க் கற்றை ஒன்று அதிரும் ஆடியில் பட்டுத் திரும்பி, கண்பாவை வழியே நுழைந்து, விழித்திரையில் புள்ளி புள்ளியாக, வரி வரியாகப் படத்தை வரைகிறது. தலையில் அணியும் மெய்நிகர் கருவிகளில் பெரும்பாலானவை கண்ணுக்கு முன்னால் சிறு திரையை நிறுத்தி, வில்லையால் அதைப் பெரிதாக்கிக் காட்டுபவை. இரண்டும் ஒரே குடும்பம் என்றே வழக்கமாக எழுதப்படுகிறது. 1968இல் இவான் சதர்லேண்ட் செய்த தலைக்கருவி, அடுத்து அமெரிக்க விமானப் படைக்காகத் தாமஸ் ஃபர்னெஸ் உருவாக்கிய விமானிக் கவசங்கள், பிறகு 1991இல் சியாட்டில் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஃபர்னெஸும் ஜோயல் கோலினும் முன்வைத்த விழித்திரைக் கருவி என்று அந்த வரிசை போகும்.

இந்த வரிசை பிழை என்பதற்கான முதல் சான்று, அதைத் தாங்கி நிற்கும் ஆவணத்திலேயே இருக்கிறது. ஃபர்னெஸும் கோலினும் 1992 அக்டோபரில் விண்ணப்பித்து, 1995 நவம்பர் 14 அன்று பெற்ற 5,467,104 எண்ணுள்ள அமெரிக்கக் காப்புரிமையே அந்த ஆவணம். அதன் சுருக்கவுரையில் ஒரு வாக்கியம் உண்டு. ஒளியை உண்டாக்கிக் கையாண்டு, அகன்ற, துல்லியமான, வண்ண மாயபிம்பம் ஒன்றை இக்கருவி படைக்கிறது. ஆடி வழியாகவோ வில்லை வழியாகவோ பார்க்கப்படும் மெய்பிம்பத்தையோ வான்வெளிப் பிம்பத்தையோ உண்டாக்காமல், அந்த மாயபிம்பத்தை நேரே விழித்திரை மீது வீழ்த்துகிறது. வாக்கியத்தின் பொருள் இதுதான். பின்னால் எழுதியவர்கள் இதைத் திருப்பிச் சொன்னார்களே தவிர, நின்று படிக்கவில்லை.

நின்று படித்தால் முரண் தெரியும். ஒளியியலில் மாயபிம்பம் என்பது திரையில் பிடிக்க முடியாத பிம்பம். முகம் பார்க்கும் கண்ணாடிக்குள் தெரியும் உருவம் போல, கதிர்கள் அங்கிருந்து புறப்பட்டதாகத் தோன்றுமே ஒழிய, அங்கே ஒளி கூடுவதில்லை. விழித்திரையில் விழும் பிம்பமோ எப்போதும் மெய்பிம்பம். ஒளி அங்கே உண்மையாகவே குவிகிறது. ஆகவே மாயபிம்பத்தை விழித்திரை மீது வீழ்த்துவது என்பது பள்ளிப் பாடத்தின்படியே இயலாத காரியம்.

இந்த முரண் ஏன் கண்ணுக்குத் தப்பியது என்பதற்கு மொழி ஓரளவு காரணம். ஆங்கிலத்தில் மாயபிம்பத்துக்கும் மெய்நிகர் உலகத்துக்கும் அடைமொழி ஒன்றே. மலாயிலும் அப்படியே: மலேசியாவின் மூவாரில் படிவம் நான்கில் இயற்பியல் படிக்கும் மாணவர் 'இமெஜ் மாயா' என்று கற்கிறார், அதே 'மாயா' என்னும் சொல்லோடு 'ரியாலித்தி மாயா' என்பதையும் செய்தித்தாளில் படிக்கிறார். தமிழில் இவை இரண்டு சொற்கள். தமிழ்நாட்டுப் பாடநூலில் மாயபிம்பம், இலங்கைப் பாடநூலில் மாய விம்பம். மெய்நிகர் என்பது முற்றிலும் வேறு. காப்புரிமையின் தலைப்பிலும் அந்த ஆங்கில அடைமொழியே இருக்கிறது; அதைத் தமிழாக்க முனைபவர் 'மாய' என்பதா, 'மெய்நிகர்' என்பதா என்று தேர்ந்தாக வேண்டும். தேரும்போதே சிக்கல் வெளிப்படுகிறது. தலைப்பில் உள்ள சொல் ஒளியியலைச் சொல்கிறதா, அன்றைய மெய்நிகர் அலையைச் சொல்கிறதா என்று ஆவணம் தெளிவுபடுத்துவதில்லை. இரண்டையும் ஒருங்கே சொல்லவே அது விரும்பியது என்று கொள்வதே பொருந்தும்.

கருவி உண்மையில் செய்வது என்ன? ஆடியிலிருந்து வரும் கற்றை ஏறக்குறைய இணைகற்றை. ஆடி எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறதோ, அந்தக் கோணமே படத்தின் புள்ளி எது என்பதைச் சொல்லும். கோணத்தை இடமாக மாற்றி, கற்றையை விழித்திரையில் ஒரு புள்ளியாகக் குவிப்பது கண்ணின் வில்லைதான். எனவே 'நேரே' என்ற சொல் பொருந்தாது. நட்சத்திரத்தைப் பார்க்கும்போது கண் செய்யும் அதே வேலையைத்தான் இங்கும் செய்கிறது.

காப்புரிமையில் ஒரு பாதி உண்மையும் உண்டு. அதை மறைப்பது முறையன்று. எந்த ஒரு கணத்திலும் விழித்திரையில் இருப்பது ஒரே ஒரு புள்ளி. முழுப் படம் கருவிக்குள்ளும் இல்லை, வெளியிலும் இல்லை. பழைய படக்குழாயிலும் மின்கற்றை புள்ளியாகவே ஓடியது. ஆனால் அங்கே ஒளிர்பூச்சு சற்று நேரம் ஒளியைத் தாங்கி நின்றது. இங்கே அந்தப் பூச்சின் வேலையை விழித்திரை நரம்புகளே ஏற்கின்றன. படக்குழாயைத் தலையில் சுமக்க வைத்த சதர்லேண்டின் மரபிலிருந்து விலகும் இடம் இதுவே. அப்படியானால் இந்த ஏற்பாடு எந்த மரபிலிருந்து வந்தது?

கண் மருத்துவத்திலிருந்து வந்தது என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம். ஒளியைக் கண்பாவையில் சிறு புள்ளியாகக் குவித்து உள்ளே அனுப்பும் முறையை ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் தம் நிறக்கலவை ஆய்வில் கையாண்டார். அக்கட்டுரை 1860இல் வெளிவந்தது. ஜெரால்ட் வெஸ்ட்ஹைமர் 1966இல் எழுதிய விளக்கக் கட்டுரைக்குத் தலைப்பே 'மேக்ஸ்வெல் பார்வை'. பாவையின் ஓரத்தில் நுழையும் ஒளி மங்கலாகத் தெரியும் என்று 1933இல் ஸ்டைல்ஸும் கிராஃபோர்டும் கண்டறிந்ததும் இவ்வகைக் குறுகிய கற்றைகளைக் கொண்டுதான். கூம்புச் செல்கள் ஒளியை வழிநடத்தும் குழாய்கள் போல நடந்துகொள்வதே அதற்குக் காரணம். இத்துறையில் ஜே ஈனக்கோடு சேர்ந்து உழைத்தவர் வாட்டர்லூ பல்கலைக்கழகப் பேராசிரியர் வாசுதேவன் லட்சுமிநாராயணன். கண் சற்றே திரும்பினால் விழித்திரைக் கருவியின் படம் மங்குவதற்கு இந்த விளைவும் ஒரு காரணம். கற்றை பாவைக்கு வெளியே விழுந்தாலோ படம் அடியோடு மறைந்துவிடும்.

அடுத்த படி 1980. பாஸ்டன் கண் ஆய்வு நிறுவனத்தில் ராபர்ட் வெப்பும் உடனிருந்தோரும் லேசர் வருடு கண்நோக்கியை வெளியிட்டனர். கண்ணின் உட்புறத்தைப் படமெடுக்கும் கருவி அது: லேசர், இரண்டு திசைகளில் கற்றையை ஓட்டும் வருடிகள், பாவையில் குவியும் கற்றை. இந்தக் கருவியின் முன் தாடையை ஊன்றி அமரும் நோயாளிக்கு ஒளிவரிகளாலான ஒரு செவ்வகம் தெரியும். அந்தக் கற்றையைக் கூட்டிக் குறைத்தால் அவருடைய விழித்திரையில் உருவம் வரையலாம். 1982இல் டிம்பர்லேக், மெயின்ஸ்டர், வெப் முதலியோர் வெளியிட்ட ஆய்வு இதைச் செய்தது. விழித்திரையில் பார்வை அற்றுப்போன இடங்களை இனங்காண, வருடும் கற்றையாலேயே அவர்கள் தூண்டல் புள்ளிகளை விழித்திரையில் இட்டார்கள். அணியும் கருவி அல்ல, வண்ணமும் இல்லை, மேசையில் நின்ற எந்திரம். என்றாலும் விழித்திரையில் லேசரால் வரைவது என்ற செயல், 1991க்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே அச்சில் பதிவாகிவிட்டது.

ஃபர்னெஸும் கோலினும் வெப்பின் கருவியை அறிந்து எடுத்தார்களா, தாமாகவே அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்களா என்பது தீர்ந்த கேள்வியன்று. அமைப்பின் ஒற்றுமை மட்டும் கடன் வாங்கியதற்குச் சான்றாகாது. ஆனால் ஒற்றுமை வெறும் சாயல் அன்று. ஒளிமூலம், ஒளியைக் கூட்டிக் குறைக்கும் உறுப்பு, இரண்டு வருடிகள், பாவையில் குவிப்பு என நான்கு உறுப்பும் அதே வரிசையில் வருகின்றன. சியாட்டில் ஆய்வகத்தின் முதல் மாதிரியும் மேசையளவு கருவியே; அதில் கிடைவரிசை வருடலை ஒலியலையால் ஒளியைத் திருப்பும் படிகமும், செங்குத்து வருடலைக் கால்வனாமீட்டர் ஆடியும் செய்தன. படக்குழாய்க் கவசத்திலிருந்து இந்த மேசைக்கு நேர்வழி இல்லை. கண் மருத்துவரின் மேசையிலிருந்து உண்டு.

நாள்களிலும் முடிச்சு இருக்கிறது. கண்டுபிடித்தது 1991, விண்ணப்பித்தது 1992, காப்புரிமை கிடைத்தது 1995. மூன்றுமே பிறந்த ஆண்டாக நூல்களில் வழங்குகின்றன. ஜப்பானில் நிப்பான் எலக்ட்ரிக் நிறுவனத்தின் கசுவோ யொஷினாக்கா 1986இலேயே இத்தகைய கருவிக்கு உரிமை கோரியதாகச் சொல்லப்படுகிறது. அதை ஏற்றால் முதன்மை சியாட்டிலிலிருந்து நழுவும். வெப்பின் 1982ஆம் ஆண்டுப் பணியை எண்ணினால் இரண்டு ஊர்களிலிருந்துமே நழுவும். அணியும் கருவி என்ற எண்ணத்துக்கு ஓர் ஆண்டும், விழித்திரையில் வரையும் நுட்பத்துக்கு வேறோர் ஆண்டும் கொள்வதே இப்போதைக்குப் பாதுகாப்பானது.

பின்னால் வந்த பொறியாளர்கள் காப்புரிமை வாக்கியத்தைச் செயலிலேயே கைவிட்டார்கள். 1993இல் தொடங்கிய மைக்ரோவிஷன் நிறுவனம் பல்கலைக்கழகத்திடமிருந்து உரிமம் பெற்றது. கண் அசைந்தால் படம் மறையும் குறையைப் போக்க, வெளிவரும் கற்றையை அகலப்படுத்தும் நுண்தகடு ஒன்றை அது சேர்த்தது. அத்தகடு நிற்கும் இடம், வழியில் பிம்பம் உருவாகும் தளம். எந்த வான்வெளிப் பிம்பம் கிடையாது என்று ஆவணம் சொன்னதோ, அதுவே கருவிக்குள் வந்து அமர்ந்துவிட்டது. நிறுவனமும் 'மாய' அடைமொழியை விட்டு, 'விழித்திரை வருடு காட்சி' என்று பொருள்படும் பெயருக்கு மாறியது. 2019இல் வந்த மைக்ரோசாஃப்டின் ஹோலோலென்ஸ் 2 லேசர் வருடும் ஆடிகளைக் கொண்டது. ஆனால் கற்றையைக் கண்ணாடித் தகட்டுக்குள் பலவாகப் பிரித்துப் பரப்பிய பிறகே கண்ணுக்கு அனுப்புகிறது. மேக்ஸ்வெல் முறையைத் தூய்மையாகக் காத்தது ஜப்பானின் கியூடி லேசர். அதன் ரெட்டிஸ்ஸா கண்ணாடி 2018இல் விற்பனைக்கு வந்தது. 2020இல் ஒழுங்கற்ற சிதறல் பார்வை உள்ளோருக்கான மருத்துவக் கருவியாக ஜப்பானில் அனுமதி பெற்ற வகையும் வந்தது. குறுகிய கற்றைக்குக் குவியம் பெரிதாக வேண்டியதில்லை என்பதால், கண்ணின் முன்பகுதி கோணியிருந்தாலும் படம் தெளிவாக விழும். தொடங்கிய இடமான கண் மருத்துவத்துக்கே கருவி திரும்பியிருக்கிறது.

இந்த வரலாற்றில் ஆய்வகங்களின் பெயர்களே நிற்கின்றன. சில்லுகள் கருவியாக உருப்பெறும் ஊர்கள் நிற்பதில்லை. நுண்ணாடி என்பது சிலிக்கானில் செதுக்கிய, மில்லிமீட்டர் அளவுள்ள அதிரும் தகடு. அதைத் தூசி படாமல் அடைத்து, மின்தொடர்பு கொடுத்து, ஒவ்வொன்றாகச் சோதித்தால்தான் அது ஆடியாகும். 2012இல் இஸ்ரேலின் பிடெண்டோவை வாங்கி இத்துறைக்கு வந்த எஸ்டி மைக்ரோ எலக்ட்ரானிக்ஸ், 2020 அக்டோபரில் அப்ளைட் மெட்டீரியல்ஸ், ஓஸ்ராம், டிஸ்பெலிக்ஸ், மெகா1 ஆகியவற்றோடு லேசர் வருடல் கண்ணாடிகளுக்கான 'லாசார்' கூட்டணியை அறிவித்தது. ஐவரில் இருவருக்கு மலேசியாவில் ஆலை உண்டு. ஓஸ்ராம் 2017இல் கெடாவின் கூலிமில் ஒளிச்சில்லு ஆலை திறந்தது. எஸ்டியின் மூவார் ஆலை அதைவிட மிகப் பழையது: அந்நிறுவனத்தின் இத்தாலிய முன்னோடியான எஸ்ஜிஎஸ்-ஆட்டெஸ் 1974இல் தொடங்கியது, தஞ்சோங் அகாஸ் தொழிற்பேட்டையில் சில்லுகளை உறையிட்டுச் சோதிப்பது அதன் வேலை. மூவாரை நுண்ணாடியின் ஊர் என்று சொன்னால் அது மிகை. ஆனால் உறையிடுதலும் சோதனையும் கண்டுபிடிப்புக்குப் பின்வரும் சிறு வேலைகள் என்று ஒதுக்கும் வரலாறும் குறையுடையதே. 2021 ஆகஸ்டில் கோவிட் பரவலால் மூவார் ஆலையின் பகுதிகள் மூடப்பட்டபோது, போஷ் நிறுவனத்துக்குச் சில்லுகள் வராமல் போய், சீனத்துக் கார் ஆலைகள் வாகன நிலைப்புக் கட்டுப்பாட்டு அலகுகளுக்காகக் காத்து நின்றன.